கல்யாணச் சாமான் முதல் ஆத்தங்குடிக் கல் வரை: செட்டிநாட்டில் வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஒரு வழிகாட்டி

செட்டிநாட்டில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், வீட்டார் குறைந்தது ஆறேழு வகை வியாபாரிகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நகைக்கடை, பாத்திரக்கடை, ஜவுளிக்கடை, பலகாரம் போடுபவர், சமையல்காரர், பந்தல்காரர், வெளியூர் விருந்தினருக்கான விடுதி என்று பட்டியல் நீளும். பூட்டிக் கிடந்த பழைய வீட்டைப் புதுப்பித்து அங்கேயே திருமணத்தை நடத்த எண்ணினால் தரையில் ஆத்தங்குடிக் கல் பதிக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். இவற்றில் எழும் சச்சரவுகளில் வேண்டுமென்றே ஏமாற்றியதால் வந்தவை குறைவு என்பதும், பேசியதை இருவரும் எழுதிக்கொள்ளாததால் வந்தவையே அதிகம் என்பதும் என் கணிப்பு. வாங்குபவர் தம் உரிமையைக் காத்துக்கொள்ளச் செய்ய வேண்டியதும், கடைக்காரர் தம்மேல் வழக்கு வராமலிருக்கச் செய்ய வேண்டியதும் பெரும்பாலும் ஒரே செயலாகவே இருப்பதால், இரு தரப்பாருக்கும் உரியதை இங்கே சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

சட்டம் யாருக்குப் பொருந்தும்

1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட புதிய சட்டம், 2020 ஜூலை மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. பணம் கொடுத்தோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ, தவணை முறையிலோ ஒரு பொருளையோ சேவையையோ பெறுபவர் நுகர்வோர் ஆவார். வாங்கியவரின் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்பதால், தந்தை வாங்கிக் கொடுத்த நகையில் குறை இருந்தால் மகளே முறையிடலாம். மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ வாங்குபவர் இச்சட்டத்தின்படி நுகர்வோர் அல்லர்; ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்குபவருக்கு விலக்கு உண்டு. வீட்டிலேயே முறுக்குச் சுற்றி விற்கும் ஒருவர் மாவு அரைக்கும் இயந்திரம் வாங்கினால் அவர் இந்த விலக்குக்குள் வர இடமிருக்கிறது. அதே இயந்திரத்தைப் பெரிய தொழிற்கூடத்துக்கு வாங்கியவருக்கு அந்த இடம் இல்லாமல் போகலாம். இயந்திரத்தின் விலையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது என்றும், எந்த நோக்கத்துக்காக வாங்கப்பட்டது என்பதை ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும் கொண்டே பார்க்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் கூறியிருக்கிறது.

உயிருக்கும் உடைமைக்கும் தீங்கான பொருளிலிருந்து பாதுகாப்பு, தரம் அளவு தூய்மை விலை ஆகியவற்றை அறிதல், பலவற்றுள் ஒன்றைப் போட்டி விலையில் தேர்ந்தெடுத்தல், குறை கேட்கப்படுதல், நிவாரணம் பெறுதல், விழிப்புணர்வு பெறுதல் ஆகிய ஆறையும் சட்டம் நுகர்வோர் உரிமைகளாக வகுத்திருக்கிறது. நுகர்வோரின் கடமைகள் என்று தனி அத்தியாயம் அதில் இல்லை. ஆயினும் வழக்கு என்று வந்துவிட்டால், பில் எங்கே, எப்போது குறையைத் தெரிவித்தீர்கள், அதற்குப் பிறகும் பொருளைப் பயன்படுத்தினீர்களா என்ற கேள்விகள் அவரை நோக்கித்தான் முதலில் எழும். அவருடைய கடமைகள் இந்தக் கேள்விகளில்தான் அடங்கியிருக்கின்றன.

பில்

பொருளுக்கோ சேவைக்கோ பில் தராமல் இருப்பதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே வரையறுத்திருக்கிறது. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி பதிவு பெற்ற கடைக்காரர், 200 ரூபாய்க்குக் குறைவான விற்பனைக்கு, வாங்குபவர் கேட்காதபோது மட்டுமே தனி பில் போடாமல் இருக்கலாம். ஆயினும் கல்யாணச் சாமான் வாங்கும்போது, “ஆச்சி, பில்லு வேணாம்னா வரி இல்லாம போட்டுத் தந்துடறேன்” என்ற பேச்சு இன்னும் காதில் விழத்தான் செய்கிறது. இரண்டு லட்ச ரூபாய் நகைக்கு 3 விழுக்காடு வரி 6,000 ரூபாய். அந்த 6,000 ரூபாயை மிச்சப்படுத்துபவர், இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளுக்குரிய ஒரே ஆதாரத்தைக் கைவிடுகிறார்; விற்பவரோ வரி ஏய்ப்பையும் நேர்மையற்ற வணிக நடைமுறையையும் ஒரே செயலில் செய்கிறார்.

கடைகளில் பலமுறை பில்லுக்குப் பதிலாக எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கொடுப்பார்கள். கடைப் பெயர் இராது, வரிசை எண் இராது, எடையும் தொகையும் பென்சிலில் கிறுக்கப்பட்டிருக்கும். விலை கேட்டதற்கு அடையாளமாக மட்டுமே அதைக் கொள்ள முடியும். முறையான வரி பில்லில் கடையின் பெயர், முகவரி, தேதி, வரிசை எண், 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் ஆகியவை இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பதிவு பெற்ற கடையானால் அந்த எண் 33 என்று தொடங்கும். தொகுப்பு வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) இருக்கும் சிறு வியாபாரி, வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கவே கூடாது; தாம் அத்திட்டத்தில் இருப்பதைக் கடையில் எழுதியும் வைக்க வேண்டும். இப்போது பெரும்பாலான கடைகள் சூட்டில் அச்சாகும் தாளில் பில் தருவதால் சில மாதங்களிலேயே எழுத்து மங்கிப்போகிறது. வீடு வந்ததும் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது நல்லது.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைக் கண்டு பலர் குறையுள்ள பொருளோடு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். குறையுள்ள பொருளைப் பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளும், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பது சட்டத்துக்கு முரணானது. அச்சிட்ட வாசகம் அதை மாற்றாது. அதே வேளையில், குறை எதுவும் இல்லாத சேலையை, வீட்டில் நிறம் பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றித் தந்தே ஆக வேண்டும் என்று கடைக்காரரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அவர் மாற்றிக் கொடுத்தால் அது அவருடைய வியாபார நயம். நாள்கணக்கும் நிபந்தனையும் சொல்லி, “குறையில்லாத பொருளை இத்தனை நாளுக்குள் பில்லோடு கொண்டுவந்தால் மாற்றித் தரப்படும்” என்று எழுதி வைப்பது கடைக்காரருக்கே நல்லது.

தங்கம், வெள்ளி, பாத்திரம்

ஹால்மார்க் பெற்ற தங்க நகையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோணச் சின்னம், 22K916 போன்ற தூய்மைக் குறி, ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. எண் ஆகிய மூன்றும் இருக்கும். கடையில் இருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி அந்த ஆறு இலக்கங்களையும் நீங்களே படித்து, அமைவனத்தின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் உள்ளிட்டால், எந்த வகை நகை, என்ன தூய்மை, எந்த மையத்தில் முத்திரை இடப்பட்டது என்பவை தெரியும். செயலியில் ‘மோதிரம்’ என்று வந்து கையில் வளையல் இருந்தால் விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிடலாம். முத்திரையில் சொன்ன தூய்மை இல்லை என்று சோதனையில் உறுதியானால், தூய்மையில் உள்ள குறைவுக்கு ஈடான தொகையைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குச் சேர வேண்டும் என்று அமைவனத்தின் 2018-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

பில்லில் நகையின் விவரம், நிகர எடை, தூய்மை, ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியே எழுதப்பட வேண்டும். கல் வைத்த நகையானால் கல்லின் எடையைக் கழித்த எடைக்குத்தான் தங்க விலை போட வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்தக் கழிவு பில்லில் தெரிகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. செய்கூலியும் சேதாரமும் பேரத்துக்கு உட்பட்டவை. எத்தனை விழுக்காடு என்பதை நகை பிடித்துப்போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும், ஏனெனில் பிடித்துப்போன நகைக்குப் பேரம் படிவதில்லை.

கழுத்திரு (செட்டிநாட்டுக் கல்யாணத்தில் மணமகள் அணியும் கழுத்தணி) போன்றவற்றைப் பழைய தங்கத்தைக் கொடுத்துப் புதிதாகச் செய்யச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்போது கொடுத்த தங்கத்தின் எடை, சோதித்துக் கண்ட மாற்று (தூய்மை), உருக்கிய பின் நின்ற எடை, அதில் இருந்து கழற்றிய கற்களின் எண்ணிக்கை, திரும்பத் தர வேண்டிய நாள் ஆகியவற்றை இரண்டு பிரதிகளாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும். தலைமுறைப் பழக்கமுள்ள ஆசாரியிடம் எழுதிக் கேட்பதற்குக் கூச்சப்படுபவர்கள் உண்டு. ரங்கூனிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்து ஒவ்வொரு காசுக்கும் பேரேடு எழுதி ஐந்தொகை கட்டிய ஊர்களில் இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிந்ததில்லை.

பித்தளை, வெண்கலம், எவர்சில்வர் எல்லாம் எடைக்கு விற்கப்படுவதால் தராசைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பார்ப்பது பாதி வேலைதான். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறையும், எடைக்கற்களுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு ஆண்டுக்கொரு முறையும் முத்திரை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்கான சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்டி வைப்பது கடைக்காரரின் கடமை. பொருளை வைக்குமுன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். அரியக்குடி விளக்குப் போன்ற கனமான பொருளை இருமுறை வைத்து எடுக்கச் சொல்வதில் தவறில்லை. எடை குறித்த புகாரைத் தொழிலாளர் துறையின் கீழ் இயங்கும் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்கு அனுப்பலாம்.

பலகாரம்

இனிப்பை அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுத்துப் போடுவது மிகப் பழகிப்போன தவறு. பெட்டி 80 கிராம், இனிப்பு கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வாங்குபவர் வெறும் அட்டைக்கு 48 ரூபாய் கொடுக்கிறார். கல்யாணத்துக்கு நூறு பெட்டி என்றால் 4,800 ரூபாய். வெறும் பெட்டியைத் தட்டில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு இனிப்பை நிறுத்தினால் இந்தப் பிரச்சினையே இல்லை. வேண்டுமானால் பெட்டிக்குத் தனி விலையை வெளிப்படையாகச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

தேன்குழல், சீப்புச்சீடை, மணகோலம், கைமுறுக்கு, அதிரசம் ஆகியவற்றை வீட்டில் செய்து விற்பவரும், பெரிய கடை வைத்திருப்பவரும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தம் அளவுக்கேற்பப் பதிவோ உரிமமோ பெற வேண்டும். அந்த 14 இலக்க எண்ணை 2022 ஜனவரி 1 முதல் பில்லிலும் அச்சிட வேண்டும். பாக்கெட்டாகக் கட்டி விற்றால், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், பொருளின் பெயர், நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலை, குறை சொல்வதற்கான தொடர்பு விவரம் ஆகியவற்றோடு, உணவுப் பொருளுக்குரிய சேர்மானப் பட்டியலும் எதுவரை உண்ணத் தக்கது என்பதும் அதில் இருக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவதும் குற்றம். பேருந்து நிலையம், ரயிலடி, குளிரூட்டிய தண்ணீர் என்ற சமாதானங்கள் எதுவும் செல்லாது. தட்டில் பரப்பி விற்கும் உதிரி இனிப்புகளுக்கும் எந்தத் தேதி வரை உண்ணலாம் என்று எழுதி வைக்கும் ஏற்பாடு 2020 அக்டோபரில் வந்தது. சூடான பலகாரத்தைச் செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையம் கண்டித்திருக்கிறது. அச்சு மை எண்ணெயோடு சேர்ந்து உணவில் கலக்கிறது என்பதே காரணம்.

மொத்தமாகப் பலகாரம் சொல்லும்போது எண்ணிக்கையா எடையா, எந்த எண்ணெய், எந்த நாளில் எந்த நேரத்துக்கு, முன்பணம் எவ்வளவு, நிறுத்தினால் எவ்வளவு பிடித்துக்கொள்ளப்படும் என்பவற்றை எழுதிக்கொள்ளுங்கள். இதில் வாங்குபவரின் பொறுப்பே அதிகம் என்பேன். மாவு இடித்து, பாகு வைத்த பிறகு ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டு முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கேட்பது எந்தச் சட்டத்திலும் நியாயமாகாது.

ஆத்தங்குடிக் கல்

செட்டிநாட்டில் நுகர்வோர் சச்சரவுக்கு மிக எளிதில் இடம் தரும் பொருள் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் கலவையைக் கையால் ஊற்றி, அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பின் ஈரக்கலவை நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் பல நாள் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகம்தான் பளபளப்பாக வெளிவருகிறது. ஆலையில் செய்த டைல்ஸில் எதிர்பார்ப்பது போன்ற ஒரே நிறமும் ஒரே கோடும் இதில் வராது. ஒரு கல்லுக்கும் இன்னொரு கல்லுக்கும் சாயலில் சிறு வேறுபாடு இருப்பது கைவேலையின் இயல்பு, குறைபாடு அன்று. விற்பவர் இதை ஆர்டர் படிவத்திலேயே எழுதி, சாயல் வேறுபாடு எவ்வளவு இருக்கக்கூடும் என்பதைக் காட்ட இரண்டு மூன்று கற்களை ஒன்றாக வைத்துக் காண்பித்துவிட்டால், பிறகு வரும் பாதிப் புகார்கள் பிறக்கவே மாட்டா.

ஆனால் சாயல் வேறுபாடு என்ற பெயரில் எல்லாவற்றையும் மூடிவிடவும் முடியாது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின்படி, மாதிரி காட்டி விற்றால் அனுப்பும் சரக்கு முழுவதும் மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும். ஒத்துப் பார்ப்பதற்கு வாங்குபவருக்கு நியாயமான வாய்ப்பும் தர வேண்டும். மூலை மழுங்கியது, கனம் ஏறுமாறாக இருப்பது, போதிய நாள் ஊறாததால் மேற்பரப்பு பொடிந்து வருவது, சொன்ன பூ வேலைக்குப் பதில் வேறு பூ வேலை வந்திருப்பது ஆகியவை குறைபாடுகளே. ஆகவே ஆர்டர் கொடுக்கும்போது பிடித்த கல்லின் பின்புறத்தில் இருவரும் தேதியோடு கையெழுத்திட்டு, ஒன்றை வாங்குபவர் எடுத்துச்செல்வதும், அதே வகையில் மற்றொன்றை விற்பவர் வைத்துக்கொள்வதும் நல்ல முறை. படமெடுத்து அனுப்புவதை நம்பி முடிவு செய்யாதீர்கள், ஏனெனில் கைப்பேசித் திரையில் ஆக்சைடுச் சிவப்பு ஒருபோதும் உண்மைச் சிவப்பாகத் தெரிவதில்லை.

வெளியூருக்கு அனுப்புவதானால் வழியில் உடைவதற்கு யார் பொறுப்பு என்பதை எழுதிக்கொள்ள வேண்டும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சரக்கின் உரிமை எவரிடம் இருக்கிறதோ அவரிடமே இழப்பின் பொறுப்பும் இருக்கும் என்பது பொது விதி. லாரியில் ஏற்றியதும் உரிமை மாறிவிட்டது என்று விற்பவரும், வீட்டில் இறங்கும்வரை மாறவில்லை என்று வாங்குபவரும் வாதிடுவதற்கு அந்த விதி இடம் தந்துவிடுகிறது. இறக்கும்போதே உடைந்ததை எண்ணிப் படமெடுத்து, லாரிக்காரரின் சீட்டிலும் எழுதி, அன்றே விற்பவருக்குத் தெரிவியுங்கள். பதிப்பதற்குமுன் எல்லாப் பெட்டிகளையும் பிரித்துப் பரப்பிப் பார்ப்பது மிகவும் முக்கியம்: பதித்துவிட்ட கல்லை ஏற்றுக்கொண்டதாகவே கருதுவார்கள். பதித்த பின் தரையில் அமிலம் ஊற்றித் தேய்த்துவிட்டு நிறம் போய்விட்டது என்று கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை. அமிலம் சிமெண்டை அரிக்கும் என்பதை விற்பவர் முன்கூட்டியே எழுத்தில் எச்சரித்திருந்தால் அவர் பக்கம் உறுதியாகிவிடும். எச்சரிக்காமல் விட்டிருந்தால், பராமரிப்பு பற்றிச் சொல்லத் தவறினார் என்ற கேள்வி அவரை நோக்கித் திரும்பும்.

கண்டாங்கி, கொட்டான், பழம்பொருள்

காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும், ஓலையில் முடையும் செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. கண்டாங்கிக்கு 2019-இல் கிடைத்தது. விசைத்தறியில் நெய்ததையோ வேறு ஊரில் நெய்ததையோ அந்தப் பெயரில் விற்பது 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வாங்குபவர் பில்லில் ‘காட்டன் சேலை’ என்று மட்டும் எழுதி வாங்காமல், ‘காரைக்குடி கண்டாங்கி, கைத்தறி’ என்று எழுதச் சொல்ல வேண்டும். எழுதக் கடைக்காரர் தயங்கினால் அந்தத் தயக்கத்திலேயே விடை இருக்கிறது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வாங்குபவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள கைவினைப் பொருள்களும், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த அத்தகைய பொருள்களும் தொல்பொருள்களே. இடித்த வீட்டின் தூணும் நிலைக்கதவும் இதில் அடங்கக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தொல்பொருள் விற்க உரிமம் வேண்டும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்து வாங்கிச் செல்பவர்கள், பொருள் தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும். இன்னொரு பக்கம், புதிதாகச் செய்து அமிலத்தில் தோய்த்துப் பழமை ஏற்றிய பொருளை ‘நூறு வருஷப் பழசு’ என்று விற்பது, தவறான தகவல் தந்து விற்பதாகும். பழையதா, பழைய பாணியில் புதிதாகச் செய்ததா என்பதைப் பில்லில் எழுதிக் கொடுப்பவரே நல்ல வியாபாரி. பழையது என்று எழுதிக் கொடுத்தால் உரிமக் கேள்வி வருமே என்று அஞ்சுபவர் அதை விற்காமலிருப்பதே முறை.

விடுதிகளைப் பற்றி ஒன்று மட்டும். உணவுக்கான பில்லில் சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. விருப்பப்பட்டுக் கொடுப்பது வேறு.

சச்சரவு வந்த பிறகு

குறை தெரிந்த அன்றே பயன்படுத்துவதை நிறுத்துங்கள். உணவுப் பொருளானால் மீதியை உறையோடு மூடி வைக்க வேண்டும், ஏனெனில் வழக்கானால் நுகர்வோர் குறைதீர் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கலாம். முதலில் கடைக்கு நேரில் போய்ப் பேசுவதே நல்லது. கல்லாவில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் பல குறைகள் அங்கேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால், என்ன வாங்கினீர்கள், எப்போது, என்ன குறை, என்ன வேண்டும் என்பவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதி, பதிலுக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும் வகையில் விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் சேவை 2025 செப்டம்பர் முதல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டது. கடிதத்தில் வசை வேண்டாம். பிறகு ஆணையத்தில் அதே கடிதம்தான் ஆவணமாகப் படிக்கப்படும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம்; அது கடைக்காரரையோ நிறுவனத்தையோ தொடர்புகொண்டு சமரசத்துக்கு முயலுமே தவிர, உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. இணையவழி விற்பனையானால், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வீட்டிலிருந்து முறுக்கு அனுப்பும் சிறு வியாபாரியும் தாமே தளம் நடத்தினால் இது அவருக்கும் பொருந்தும்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்ச ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளை அது விசாரிக்கும். 5 லட்ச ரூபாய் வரை கட்டணமே இல்லை. எதிர்த்தரப்பார் இருக்கும் ஊரில் மட்டுமின்றி, முறையிடுபவர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊரின் ஆணையத்திலும் தாக்கல் செய்யலாம் என்பது புதிய சட்டம் தந்த பெரிய வசதி. செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடப்பதால், காரைக்குடி, தேவகோட்டைக்காரர் சிவகங்கை ஆணையத்தையும், ராயவரம், கடியாபட்டிக்காரர் புதுக்கோட்டை ஆணையத்தையும் நாடலாம். சென்னையில் வசித்துக்கொண்டு ஊரில் கல் வாங்கியவர் சென்னையிலேயே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. இணையம் வழியாகத் தாக்கல் செய்யவும், காணொளி வழியாக ஆஜராக அனுமதி கேட்கவும் வழி இருக்கிறது. நடந்ததைத் தேதி வரிசையில் சொல்லி, பில், கடிதம், படங்கள் ஆகியவற்றை எண்ணிட்டு இணைத்து, உறுதிமொழிப் பத்திரத்தோடு கொடுக்க வேண்டும். மன உளைச்சலுக்கு இழப்பீடாக வானளவு தொகை கேட்பது வழக்கை வலுப்படுத்துவதில்லை.

நோட்டீஸ் பெற்ற கடைக்காரருக்கு

ஆணையத்தின் நோட்டீஸைக் கல்லாப் பெட்டிக்குள் போட்டுவிட்டு மறந்துபோவதைவிடப் பெரிய பிழை வேறில்லை. பதிலுரை தர 30 நாளும், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாளும்தான் உண்டு. அந்த 45 நாளுக்கு மேல் நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பதில் இல்லாவிட்டால், வாங்கியவர் சொன்னதை மட்டும் வைத்து உத்தரவு பிறக்கும். கடைக்காரருக்கும் உரிமைகள் உண்டு. குறை என்று சொல்லப்படுவதை ஆய்வகத்தில் சோதிக்கக் கேட்கலாம். தவறாகப் பயன்படுத்தியதைச் சான்றோடு காட்டலாம். இரு தரப்பும் இசைந்தால் சமரச மையத்துக்கு அனுப்பும்படி கோரலாம். எதிர்பாராத உத்தரவு வந்தால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்; ஆனால் செலுத்தச் சொன்ன தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல் உத்தரவையும் நிறைவேற்றாமல் இருப்பவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆத்தங்குடியில் கல் வார்ப்பவர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு: விடுதி கட்டுபவரோ ஒப்பந்தக்காரரோ மொத்தமாகக் கல்லை எடுத்துக்கொண்டு பணத்தை மாதக்கணக்கில் இழுத்தடிப்பது. வியாபாரத்துக்கு விற்றவர் என்பதால் நுகர்வோர் ஆணையம் அவருக்கு உதவாது. ஆனால் சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் ‘உதயம்’ பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரானால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுக் கேட்கலாம். இதற்கான மனுவை மத்திய அரசின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உதயம் பதிவு எண்ணையும், சரக்கு இறங்கியதற்கான கையெழுத்துள்ள சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.